சுவரைத் தாண்டி மணி அடித்த சிக்னல்: உங்க வீட்டு வைஃபைக்கும் ஜகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன சம்பந்தம்?

மீஞ்சூரில் கீழ்த்தளம், மேல்மாடி என்று கட்டிய வீடு. வாசல் பக்கம் ஃபைபர் கேபிள் உள்ளே வந்து ரவுட்டர் மாட்டியிருக்கும். ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், படுக்கையறையில் ஆபீஸ் லேப்டாப், மாடியில் பிள்ளைகள் படிக்க இன்னொன்று. ஹாலில் முழு சிக்னல் காட்டும். மாடிக்குப் போனால் ஒரு கோடுதான் மிஞ்சும். வடசென்னையில் இருந்து பொன்னேரி வரைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிற பிரச்னை இது.

சுவரைத் தாண்டி அலை போகுமா, எதில் நிற்கும், எதில் திரும்பும்? இந்தக் கேள்விகளை 130 வருடங்களுக்கு முன்னால், கொல்கத்தாவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர் ஒரு இந்திய பேராசிரியர். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்றுதான் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடத்தில் அறிமுகம். ஆனா, அதற்கு முன்பே அவர் செய்த வேலை நம்ம வீட்டு ரவுட்டரோடு நேரடியாகத் தொடர்புடையது.

யார் இந்த போஸ்?

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றால் நேராக இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். ஆனால் அப்பா மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழி தெரிந்த பிறகு மற்றது என்பது அவர் கணக்கு. வீட்டு ஊழியரின் மகனும் மீனவர் மகனும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். மீன்கள், பறவைகள் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகள்தான் தனக்கு இயற்கை மீது ஆர்வம் வரக் காரணம் என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே பாதிரியார் லாஃபோன் இயற்பியல் சோதனைகளை வகுப்பிலேயே செய்து காட்டுவார். போஸுக்கு இயற்பியல் பிடித்துப்போனது அங்கேதான். ஆனாலும் 1880-ல் மருத்துவம் படிக்கத்தான் லண்டன் போனார். அடிக்கடி காய்ச்சல். உடற்கூறு அறையின் நெடி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் அறிவியல் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற லார்ட் ரேலி.

3 வருடம் சம்பளமே வாங்கவில்லை. ஏன்?

1885-ல் ஊர் திரும்பிய போஸுக்கு கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் சிக்கல். அதே வேலை பார்க்கும் ஐரோப்பியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. 3 வருடம் தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் எடுத்தார், வந்த பணத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அப்போது குடும்பத்துக்குப் பெரிய கடன் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கணும். அப்பா ஊருக்காகத் தொடங்கிய தொழில்களில் நஷ்டப்பட்டுக் கடனில் இருந்தார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. வேலை நிரந்தரமானது. முழுச் சம்பளம், அதுவும் சேர்ந்த நாள் முதல் கணக்குப் போட்டு மொத்தமாகக் கிடைத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு

இந்தப் போராட்டத்துக்கு நடுவில், 1887-ல் போஸுக்குத் திருமணம். மனைவி அபலா. அவருக்கும் டாக்டர் ஆகணும் என்று ஆசை. அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதனால் வங்காள அரசின் உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1882-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார் அபலா. இன்றைக்கு மீஞ்சூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே இருக்கிற அதே கல்லூரிதான்.

உடல்நிலை சரியில்லாமல் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாகிவிட்டது. பின்னாளில் பெண் கல்விக்காகவே உழைத்தார். 1919-ல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். போஸின் வெளிநாட்டுப் பயணங்களில் கூடவே இருந்தவர் அபலா.

குட்டி அறையில் குட்டி அலை

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை உண்டு என்று ஜெர்மனியின் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் 1887-88-ல் சோதனையில் காட்டிவிட்டார். 1894-ல் ஹெர்ட்ஸ் இறந்ததும், அவர் வேலையைப் பற்றி இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை அச்சாகி வந்தது. அதைப் படித்த போஸ் தானும் இறங்கினார்.

கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் என்று எதுவும் தரவில்லை. ஒரு சின்ன அறை. உள்ளூர் தகர வேலைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருவிகளைத் தானே செய்தார். செலவும் சொந்தக் காசு.

இடம் சின்னது என்பதே அவருக்குக் கைகொடுத்தது. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றை வளைக்கவும் திருப்பவும் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். அலையைச் சின்னதாக்கிவிட்டால் கருவியும் மேசை மேல் அடங்கிவிடும். அப்படித்தான் 2.5 சென்டிமீட்டரில் இருந்து வெறும் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை உருவாக்கினார் போஸ். இன்றைய கணக்கில் சொன்னால் சுமார் 12 கிகாஹெர்ட்ஸில் இருந்து 60 கிகாஹெர்ட்ஸ் வரை. அவ்வளவு சின்ன அலையை வைத்து அவரைப் போல அப்போது முறையாக வேலை செய்தவர்கள் மிகக் குறைவு.

என்னென்ன செய்தார் தெரியுமா? அலையை ஒரு பக்கமாகச் செலுத்த உலோகக் குழாய். அதன் வாயில் புனல் போல ஒரு அமைப்பு. இதைத்தான் இப்போது ஹார்ன் ஆன்டெனா என்கிறார்கள். அலையின் அதிர்வுத் திசையைச் சோதிக்க ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகி ஒரு கருவி. முறுக்கிய சணலை வைத்து இன்னொன்று. வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்?

டவுன்ஹாலில் நடந்தது என்ன?

1895-ல் கொல்கத்தா டவுன்ஹாலில் பொதுமக்கள் முன்னால் ஒரு காட்சி. ஒரு அறையில் அலையை அனுப்பும் கருவி. சுமார் 75 அடி தள்ளி, சுவர்களுக்கு அந்தப் பக்கம் பெறும் கருவி. நடுவில் ஒயர் கிடையாது. போதாததற்கு வங்காளத்தின் துணைநிலை ஆளுநரே வழியில் நின்றார். இங்கே சுவிட்சைப் போட்டதும் அங்கே மணி அடித்தது. வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது.

கூட்டம் வாயடைத்துப் போனது. அந்த வருடம் மே மாதமே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வங்காள ஆசியக் கழகத்தில் வாசிக்கப்பட்டிருந்தது. 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், பெரிய விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்த அரங்கில், மேசை மேல் கருவிகளைப் பரப்பி செய்து காட்டினார்.

செங்கல், தார் போன்றவை வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் இந்த அலையை விட்டுவிடும். தண்ணீர் நேர்மாறு: வெளிச்சத்தை விடும், அலையை விழுங்கிவிடும். உலோகம் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். போஸ் கண்டு சொன்ன இந்த விஷயங்களை வைத்தே உங்க வீட்டு வைஃபையின் பாதிப் பிரச்னையைப் புரிந்துகொள்ளலாம்.

சரி, இதை வைத்து வீட்டில் என்ன செய்யலாம்?

ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மேல், டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீங்க. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டி, தண்ணீர் டிரம் பக்கத்திலும் வேண்டாம். செங்கல் சுவர் ஓரளவு விடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அவ்வளவு எளிதாக விடாது. மாடியில் சிக்னல் செத்துப்போவதற்குக் காரணம் அதுதான். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், மாடிப்படி திறப்புக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் நல்லது.

ரவுட்டரில் இரண்டு பெயர் காட்டும்: ஒன்று 2.4, இன்னொன்று 5. இந்த 5 என்பது செல்போன் 5ஜி கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 2.4-ன் அலை நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5-ன் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். நீள அலை சுவரைத் தாண்டி எட்டும், வேகம் குறைவு. குட்டை அலை வேகம், ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். ரவுட்டர் இருக்கிற அறைக்கு 5, தள்ளி இருக்கிற அறைக்கு 2.4 என்று பிரித்துக் கொடுங்க. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-க்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அது ஓடும்போது நெட் தடுமாறுவது அதனால்தான்.

வீட்டில் 3, 4 கம்ப்யூட்டர் என்றால் இடம் மாறாத மேசைக் கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்க. வைஃபையில் நெரிசல் குறையும். மாடிக்கு ஒரு கேபிள் கொண்டுபோய் அங்கே இரண்டாவது ரவுட்டரையோ மெஷ் கருவியையோ வைத்தால் தளத்தோடு சண்டை போட வேண்டாம். பாஸ்வேர்டை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையில் வையுங்க. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் போகும் பாஸ்வேர்டு வேறு. கம்பெனி கொடுத்த அந்த இரண்டாவதையும் கட்டாயம் மாற்றுங்க.

மார்கோனி முந்தியது எப்படி?

போஸ் லண்டனில் இருந்த அதே காலத்தில்தான் இத்தாலி இளைஞர் குக்லியெல்மோ மார்கோனியும் அங்கே இருந்தார். 1896-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இருவர் குறியும் வேறு வேறு. மார்கோனிக்கு தூரம் வேண்டும். கடல் தாண்டித் தந்தி போகணும், அதில் தொழில் நடக்கணும். அதற்கு நீள அலைகள் சரி. போஸுக்கு அலையின் குணம் தெரியணும். அதற்குக் குட்டை அலைதான் வசதி.

ஆனாலும் ஒரு இடத்தில் இருவர் பாதையும் முட்டுகிறது. அலை வந்ததைக் கண்டுபிடிக்க அப்போது உலோகத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார்கள். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு கரண்ட் பாயும். அடுத்த சிக்னலுக்குக் குழாயைத் தட்டி உதறணும். தட்டவே தேவையில்லாத, பாதரசம் வைத்த கருவியைப் பற்றி 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார் போஸ். கூடவே ஒரு டெலிபோன் காது.

1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டார். அப்போது அவர் கையில் இருந்ததும் பாதரசக் கருவி, டெலிபோன் காது. இத்தாலிய கடற்படை வழியாக வந்தது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று வாதிடும் ஆய்வு ஒன்று 1998-ல் ஐஇஇஇ இதழில் வெளியானது. 1909-ல் மார்கோனிக்கும் ஜெர்மனியின் பிரவுனுக்கும் நோபல் பரிசு போனது. பட்டியலில் போஸ் இல்லை.

அதற்காக ரேடியோவைக் கண்டுபிடித்ததே போஸ்தான், மார்கோனி திருடினார் என்று சமூக வலைதளத்தில் சுற்றும் செய்தியை அப்படியே நம்பவும் வேண்டாம். ரேடியோ ஒரே ஆளின் கண்டுபிடிப்பு கிடையாது. ஹெர்ட்ஸ், பிரான்லி, லாட்ஜ், போபோவ், போஸ், மார்கோனி, பிரவுன் என்று பலர் கை பட்டது. அதில் போஸின் பங்கு பெரியது. பல காலம் அது சொல்லப்படாமலே போனது என்பதுதான் உண்மை.

காப்புரிமை வேண்டாம் என்றது சரியா?

1901-ல் லண்டனில் தந்தி நிறுவன முதலாளி ஒருவர் காப்புரிமை விண்ணப்பத்தோடு போஸைத் தேடி வந்தார். விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தால் லாபத்தில் பங்கு என்று பேரம். போஸ் மறுத்துவிட்டார். இதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாகவே எழுதினார். அறிவை விலைக்கு விற்பதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பணத்தாசை பிடித்தால் அந்தப் பொறியில் இருந்து வெளியே வர முடியாது என்ற பயமும் இருந்தது.

அவரைச் சுற்றி இருந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். சகோதரி நிவேதிதாவும் அமெரிக்காவைச் சேர்ந்த சாரா புல்லும் வற்புறுத்தி, அதே வருடம் அமெரிக்காவில் விண்ணப்பம் போட வைத்தார்கள். 1904 மார்ச் 29-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 755,840. கலேனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலையைப் பிடிக்கும் கருவி அது. இன்றைய சொல்லில் செமிகண்டக்டர். கையில் வந்த காப்புரிமையைப் பணமாக்க போஸ் முயலவே இல்லை. அது அப்படியே காலாவதியானது.

இதில் இழப்பு அவருக்கு மட்டுமா? ஆராய்ச்சிக்குப் பணம் இல்லாமல் அவர் தவித்த நாட்கள் உண்டு. தாகூர் முயற்சி எடுத்து திரிபுரா மன்னரிடம் உதவி வாங்கிக் கொடுத்தார். காப்புரிமைப் பணம் வந்திருந்தால் இந்தியாவில் அப்போதே ஒரு வயர்லெஸ் ஆய்வுக்கூடம் எழுந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. கண்டுபிடிப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டதால்தான் அது வேகமாகப் பரவியது என்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

செடியின் பக்கம் போனார்

அலை பட்ட உலோகம் களைத்துப்போவதையும் ஓய்வுக்குப் பிறகு மீள்வதையும் கவனித்த போஸ், உயிருள்ளவையும் இப்படித்தானே என்று யோசித்தார். 1900-க்குப் பிறகு அவர் கவனம் முழுக்கச் செடி மேல் திரும்பியது. செடி வளர்வதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். அவர் முடிவுகளில் சிலவற்றை அன்றைய உயிரியலாளர்கள் ஏற்கவில்லை. செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்ற அடிப்படை மட்டும் நிலைத்தது.

பிரசிடென்சி கல்லூரியில் அவரிடம் படித்தவர்களில் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் உண்டு. 1917-ல் சர் பட்டம். அதே வருடம் தன் பிறந்தநாளான நவம்பர் 30-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23-ல், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிதியில் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரம்தான் பாக்கி.

இப்போது அவர் எங்கே நிற்கிறார்?

வைஃபையைக் கண்டுபிடித்தவர் போஸ் இல்லை. அதன் முதல் தரநிலை வந்தது 1997-ல், அதற்குப் பின்னால் பல நாட்டுப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிகத்தை வைத்து ரேடியோ அலையைப் பிடித்த முதல் ஆள் போஸ் என்று டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டைனே பதிவு செய்திருக்கிறார். 2012-ல் ஐஇஇஇ அமைப்பு, 1894 முதல் 1896 வரை போஸ் செய்த மில்லிமீட்டர் அலை சோதனைகளை உலகத் தொழில்நுட்ப மைல்கல்லாக அறிவித்தது.

அந்தக் குட்டை அலைகளுக்கு 100 வருடம் கழித்துத்தான் வேலை வந்தது. 60 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வைகிக் என்ற வைஃபை வகை, போஸின் அதே 5 மில்லிமீட்டர் அலை. ஒரே அறைக்குள் மின்னல் வேகம், சுவர் குறுக்கே வந்தால் அவ்வளவுதான். 2022-ல் இந்தியாவில் 5ஜி ஏலத்தில் விற்ற 26 கிகாஹெர்ட்ஸும் அவர் வேலை செய்த எல்லைக்குள்தான் வருகிறது.

செல்போன் அலைவரிசைக்கு கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. உங்க ரவுட்டர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதிக்கு 2018 முதலும் இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. சக்தி வரம்புக்குள் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் வீட்டுக்கு வீடு வைஃபை வந்ததற்கு அந்தத் திறந்த கதவு ஒரு முக்கியக் காரணம்.